ஓரறிவுயிரும் வளர்ச்சி ஊக்கியும்

பயிருக்கு உயிர் உண்டு என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. அந்த உயிருக்குத் தனக்கென ஒரு போக்கு உண்டா, உண்டெனில் அதை மனிதர் தம் தேவைக்கேற்பத் திருப்புவதை எவ்வகைச் செயலாகக் கொள்வது என்பதில்தான் சமயங்களும் தத்துவங்களும் பிரிகின்றன. தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என வகுத்து, உற்றறிதல் என்னும் தொடுவுணர்வு ஒன்றையே அவற்றுக்கு உரிமையாக்குகிறது. சமணத்தின் இரு பெரும் பிரிவினரும் ஏற்கும் தத்துவார்த்த சூத்திரமும் நிலைத்திணையை ஒரே புலன் கொண்ட உயிராகவே கொள்கிறது. சுவேதாம்பரர் போற்றும் ஆசாராங்க சூத்திரம் இன்னும் ஒரு படி மேலே சென்று, பிறப்பதிலும் வளர்வதிலும் வெட்டுண்டால் வாடுவதிலும் மனித உடலுக்கும் செடிக்கும் உள்ள ஒப்புமையை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டுகிறது.

பௌத்தம் இவ்வளவு தூரம் செல்லவில்லை. துறவியர் செடிகொடிகளுக்கு ஊறு செய்யக் கூடாது என்று விநயம் விதித்தாலும், மக்கள் மரத்தை ஓரறிவுயிராகக் கருதுகிறார்கள் என்பதையே அது காரணமாகச் சொல்கிறது. பிற்காலப் பௌத்த தருக்கவாதிகளோ மரம் வினைப்பயன் நுகரும் உயிர் என்பதை வெளிப்படையாகவே மறுத்தனர். தமிழில் நீலகேசி என்னும் சமணக் காப்பியம் பௌத்தரோடு நிகழ்த்தும் வாதங்களில் மரத்துக்கு உயிருண்டா என்பதும் ஒரு பொருளாக அமைந்ததற்கு இப்பிளவே காரணம். கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் பயிருக்கு ஆன்மா உண்டென்று ஒப்புக்கொண்டு, உண்பதும் வளர்வதும் இனம் பெருக்குவதும் மட்டுமே அதன் ஆற்றல் என்றும் உணர்வு அதற்கு இல்லை என்றும் எல்லை வகுத்தார். இவ்வாதங்கள் எல்லாம் பயிரை வெளியே நின்று பார்த்து எழுந்தவை. பயிர் தன் வளர்ச்சியை எவ்வாறு நடத்திக்கொள்கிறது என்ற உள்விவரம் கடந்த ஒன்றரை நூற்றாண்டில்தான் தெரியவந்தது. அவ்விவரம் பழைய வாதத்தைத் தீர்த்துவைக்கவில்லை என்றாலும் அதன் சில பகுதிகளைக் கூர்மையாக்கியிருக்கிறது.

வளர்ச்சி ஊக்கி என்பது பயிர் தன் உடலுக்குள் மிகச் சிறு அளவில் ஆக்கி, ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு அனுப்பி, வளர்ச்சி, பூப்பு, காய்ப்பு, உதிர்வு ஆகியவற்றை நெறிப்படுத்திக்கொள்ளும் வேதிப்பொருள். அப்பொருளையோ, அதுபோலச் செயல்படும் அல்லது அதைத் தடுக்கும் செயற்கைச் சேர்மத்தையோ வெளியிலிருந்து தெளிக்கும்போது அது வளர்ச்சி ஒழுங்குபடுத்தி எனப்படுகிறது. 1880-இல் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் புல்லின் இளமுளையை ஒளிபுகாத சிறு தொப்பியால் மூடிப் பார்த்தபோது, நுனி மூடப்பட்ட முளை ஒளியை நோக்கி வளையவில்லை. நுனியைத் திறந்துவிட்டு அடிப்பகுதியை மறைத்தாலோ முளை வழக்கம்போல் வளைந்தது. ஒளியை உணரும் இடம் ஒன்றாகவும் வளையும் இடம் வேறாகவும் இருப்பதால், நுனியிலிருந்து ஏதோ ஒன்று கீழே செல்கிறது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, நெதர்லாந்தின் உட்ரெக்டில் பிரிட்ஸ் வென்ட் என்னும் இளம் ஆய்வாளர் ஓட்ஸ் முளைகளின் நுனிகளை வெட்டி அகர்க் கூழின் மீது வைத்து, பின்னர் அக்கூழின் சிறு துண்டை நுனியிழந்த முளையின் ஒரு பக்கத்தில் மட்டும் ஏற்றிவைத்தார். இருட்டிலேயே முளை மறுபக்கம் வளைந்தது. அந்தக் கூழுக்குள் இறங்கியிருந்த பொருளே ஆக்சின்.

இங்கே தத்துவ நோக்கில் மிக முக்கியமான செய்தி ஒன்று உண்டு. வேரும் தண்டும் விட்ட ஒரு நாற்று மண்ணில் கிடையாகச் சாய்ந்துவிட்டால், ஆக்சின் அதன் கீழ்ப்பக்கத்தில் மிகுதியாகச் சேர்கிறது. தண்டில் அந்தப் பக்கம் விரைந்து நீள்வதால் தண்டு மேல்நோக்கி நிமிர்கிறது, வேரிலோ அதே மிகுதி வளர்ச்சியைக் குன்றச் செய்வதால் வேர் கீழ்நோக்கி வளைகிறது. பொருள் ஒன்று, விளைவு இரண்டு, அதுவும் நேர் எதிரானவை. ஆகவே ஊக்கியை ஒரு கட்டளை என்றும் பயிரை அதற்குக் கீழ்ப்படியும் சடப்பொருள் என்றும் எண்ணுவது பிழை. வந்து சேரும் பொருளுக்கு என்ன பொருள்கொள்வது என்பதைப் பெறும் உறுப்பின் நிலையும் வயதும் இனமும் முடிவுசெய்கின்றன. இதை மனம் என்று அழைக்கத் துடிப்பவர்கள் உண்டு. தாவர நரம்பியல் என்ற பெயரில் 2006 அளவில் எழுந்த முயற்சியை மறுத்து, மறு ஆண்டே 36 தாவர அறிவியலாளர்கள் கூட்டாகக் கட்டுரை வெளியிட்டனர். அம்மறுப்பு நியாயமானது என்றே தோன்றுகிறது. ஆனால் மனம் இல்லை என்பதால் வெறும் பொறி என்றாகிவிடாது. தொட்டதை உற்றறிந்து அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும், அதற்கு மேல் எதையும் உரிமை கொண்டாடாத ஒரு நிலையைக் குறிக்க ஓரறிவு என்ற பழைய வகைப்பாடு இவ்விரண்டையும்விடப் பொருத்தமாக இருக்கிறது.

2005-இல் ஆக்சினையும் ஜிப்ரலின் என்னும் மற்றோர் ஊக்கியையும் பயிரின் உயிரணு எவ்வாறு ஏற்கிறது என்பது தெளிவானபோது வேறொரு செய்தியும் உறுதிப்பட்டது. வளர்ச்சிக்குரிய மரபணுக்களை அடக்கிவைக்கும் தடைப்புரதங்கள் உயிரணுவில் எப்போதும் இருக்கின்றன. ஊக்கி வந்து சேர்ந்ததும் அவை சிதைக்கப்படுகின்றன, தடை நீங்கியதால் வளர்ச்சி நிகழ்கிறது. வினைத்திரை விலகும்போது உயிரின் இயல்பு தானே வெளிப்படுகிறது என்ற சமணக் கொள்கையை இது நினைவூட்டலாம். எனினும் ஒரு புரதத்தையும் கர்மத்தையும் இணைவைத்துப் பழைய நூல்கள் எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட்டன என்று பெருமை பேசுவது இரு தரப்புக்கும் நன்மை செய்யாது. நடைமுறையில் அத்தடையே மனிதருக்குச் சோறிட்டது என்பது குறிப்பிடத்தக்கது. பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமையில் ஜிப்ரலின் வந்தாலும் சிதையாத தடைப்புரதம் இருக்கிறது. 1966-இல் வெளியான ஐ.ஆர்.8 நெல்லிலோ ஜிப்ரலின் உற்பத்தியே குன்றியிருக்கிறது. உயரம் குறைந்ததால் உரமிட்ட பயிர் சாயாமல் நின்று கதிர் தாங்கியது.

ஒரு செடி ஓர் உயிரா, பல உயிர்களின் கூட்டா என்ற கேள்வியில் சமணம் தனக்கே உரிய நுட்பம் காட்டுகிறது. ஓர் உடலில் ஓர் உயிர் உறையும் தாவரம் என்றும், ஓர் உடலில் எண்ணிறந்த உயிர்கள் உறையும் தாவரம் என்றும் பிரித்து, கிழங்குகளையும் வேர்க்காய்களையும் இரண்டாம் வகையில் சேர்த்து அவற்றை உண்ணாது விலக்குகிறது. 1958-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்டும் அவருடன் பணியாற்றியோரும் கேரட் வேரின் திசுவை எடுத்து, இளநீர் கலந்த ஊட்டக் கரைசலில் மிதக்கவிட்டனர். அதிலிருந்து பிரிந்த உயிரணுக்கள் கருவைப் போல உருத்திரண்டு முழுச் செடிகளாயின. சமணர் தட்டில் இடம்பெறாத அதே கேரட் இச்சோதனைக்கு வாய்த்தது தற்செயல்தான். ஆயினும் வேரின் ஒவ்வொரு துணுக்கிலும் ஒரு செடியாகும் ஆற்றல் ஒளிந்திருக்கிறது என்பது தற்செயல் அன்று. இளநீரில் சைட்டோகைனின் என்னும் உயிரணுப் பிரிவைத் தூண்டும் ஊக்கி இருக்கிறது. ஸ்டூவர்டின் சோதனைக்கு ஓர் ஆண்டு முன்னரே ஸ்கூக், மில்லர் இருவரும் புகையிலைத் திசுவில் ஆக்சின் விகிதம் மிகுந்தால் வேரும், சைட்டோகைனின் விகிதம் மிகுந்தால் தண்டும் தோன்றும் என்று காட்டியிருந்தனர். பலவாகப் பிரியக்கூடியதை ஒன்றாகக் கட்டிவைத்திருப்பது இந்த ஊக்கிகளின் ஓட்டந்தான். முருங்கைக் கன்று இரண்டரை அடி வளர்ந்ததும் அதன் நுனியைக் கிள்ளிவிடும் உழவர், மேலிருந்து இறங்கும் ஆக்சினை அறுத்து, அதுவரை அடங்கிக் கிடந்த பக்க மொட்டுகளுக்கு வழிவிடுகிறார். நுனியின் ஆதிக்கம் போனதும் ஒவ்வொரு கணுவும் தானே தலையாக முனைகிறது.

பயிரின் நோக்கம் எது என்ற கேள்வி கனியில்தான் சிக்கலாகிறது. 1790-இல் வெளியான தம் மூன்றாம் விமரிசன நூலில் கான்ட், மரம் தனக்குத் தானே காரணமும் விளைவுமாக இருக்கிறது என்று கூறி, உறுப்புகள் ஒன்றுக்கொன்று ஏதுவாக அமைந்த அதனை இயற்கை நோக்கத்துக்கு எடுத்துக்காட்டாக்கினார். ஸ்ட்ராபெரியின் சதை மேல் ஒட்டியிருக்கும் விதை தாங்கிய நுண்மணிகளை 1950 அளவில் நிட்ச் என்ற ஆய்வாளர் ஒவ்வொன்றாகக் களைந்தபோது சதை பருக்காமல் நின்றது. மணி இருந்த இடத்தில் ஆக்சினைத் தடவியதும் பருத்தது. விதை தனக்காகச் சதையை வளர்க்கிறது என்பதும், விதையின் குரலை வேறொருவர் எழுப்பினாலும் சதை அதை நம்பிவிடுகிறது என்பதும் ஒருசேரத் தெளிவாயின. தாம்சன் விதையில்லாத் திராட்சைக் குலைகளை ஜிப்ரலிக் அமிலக் கரைசலில் நனைத்துப் பெரிய கனிகளைப் பெறும் முறை இதன் தொடர்ச்சியே. கான்ட் கூறிய வட்டம் இங்கே அறுகிறது: இனம் பெருக்குவதற்காக அமைந்த உறுப்பு, பெருக்க வேண்டிய விதை இல்லாமலேயே, உண்பவருக்காக முழுமை அடைகிறது. எனினும் இது நேற்றுத் தொடங்கியது அன்று. விவிலியத்தின் ஆமோஸ் காட்டத்தி மரங்களைப் பேணியவர். அம்மரத்தின் காய்களை இரும்பால் கீறிவிட்டால் நான்காம் நாளில் பழுக்கும் என்று கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் எழுதியிருக்கிறார். காயம்பட்ட காய் எத்திலீன் என்னும் வாயு ஊக்கியை வெளியிடுவதே அதன் காரணம். வாழைத்தாருக்கு மூட்டம் போடும் தமிழ்நாட்டு வழக்கத்திலும் புகையிலுள்ள எத்திலீனே வேலை செய்கிறது.

இதனால் இயற்கை, செயற்கை என்ற பிரிவினையை அறத்தின் அளவுகோலாகக் கொள்வது நிற்காது. பஞ்சகவ்யத்திலும் ஆக்சினும் ஜிப்ரலினும் இருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. மாங்காயைப் பழுக்கவைக்கும் அறையில் விடப்படும் எத்திலீனும் காய் தானே வெளியிடும் எத்திலீனும் ஒரே மூலக்கூறு. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் எத்திலீனை 100 பி.பி.எம். வரை அனுமதித்து, கார்பைட் கல்லைத் தடைசெய்திருப்பது, கார்பைடிலிருந்து எழும் வாயுவோடு ஆர்சனிக், பாஸ்பரஸ் மாசுகளும் சேர்ந்து வருவதாலேயன்றி, பழுக்கவைத்தல் என்னும் செயல் பாவம் என்பதால் அன்று.

அளவுகோலை வேறிடத்தில் தேட வேண்டும். வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் வாழும் தமிழ்ச் சமணர் நெடுங்காலமாக உழவுத் தொழில் செய்பவர்கள். ஓரறிவுயிருக்கும் ஊறு விலக்கும் சமயமும் ஏர் பிடிக்கும் வாழ்வும் அங்கே ஒரே வீட்டில் இருந்துவருகின்றன. அதற்கு இடம் தருவது சமண அறநூல்கள் செய்யும் வேறுபாடு: வேண்டுமென்றே கருதிச் செய்யும் கொலை வேறு, இல்லறத்திலும் தொழிலிலும் தவிர்க்க இயலாது நேரும் ஊறு வேறு, முன்னதை இல்லறத்தார் முற்றிலும் விலக்க வேண்டும், பின்னதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, விழிப்பற்ற செயலால் உயிருக்கு ஊறு விளைப்பது என்று விழிப்பின்மையை முன்னிறுத்துகிறது. நுனி கிள்ளுவதும் குலை நனைப்பதும் அந்த வரையறைக்குள் பெரும்பாலும் வருவதில்லை. விளைவு அறிந்து, அளவு அறிந்து, தேவைக்குச் செய்யப்படுபவை அவை.

விழிப்பின்மைக்குச் சான்று தேடுவோர் ஆர்தர் கால்ஸ்டனின் வரலாற்றைக் காணலாம். 1943-இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக, சோயா மொச்சையை விரைந்து பூக்கச் செய்யும் ஒரு சேர்மத்தை ஆராய்ந்த அவர், அளவு மிஞ்சினால் அதுவே இலைகளை உதிர்த்துவிடும் என்றும் குறித்தார். பூப்புக்காகத் தொடங்கிய அவ்வாய்வின் இலையுதிர்வுப் பகுதியே பின்னர் இராணுவ ஆய்வாளர் கண்ணில் பட்டது. 1962 முதல் 1971 வரை வியட்நாமில் அமெரிக்க விமானங்கள் தெளித்தது அவர் ஆராய்ந்த சேர்மம் அன்று. தெளிக்கப்பட்டவற்றுள் பெயர்பெற்ற ஏஜென்ட் ஆரஞ்சு, 2,4-டி, 2,4,5-டி என்னும் இரு செயற்கை ஆக்சின்களின் சரிபாதிக் கலவை. ஆயினும் கால்ஸ்டன் தம் அறிவியலுக்கும் அதற்கும் உள்ள உறவை மறைக்காமல், தெளிப்பை நிறுத்தக் கோரிப் பிற அறிவியலாளரோடு சேர்ந்து போராடினார். பின்னாளில் யேல் பல்கலைக்கழகத்தில் உயிரியல் அறவியல் கற்பித்தார். 2,4,5-டி தயாரிப்பில் கலந்துபோன டையாக்சின் என்னும் நஞ்சு காட்டோடு நிற்கவில்லை, மக்களின் உடலிலும் ஏறியது.

அதே 2,4-டி இன்று நெல், கரும்பு வயல்களில் அகன்ற இலைக் களைகளுக்கு எதிராகத் தெளிக்கப்படுகிறது. புல்லினப் பயிர் அதைத் தாங்கிக்கொள்ள, களையோ கட்டுக்கடங்காத வளர்ச்சியால் முறுக்கிக்கொண்டு மடிகிறது. அதைத் தெளித்த கைத்தெளிப்பானைச் சரிவரக் கழுவாமல் மறுநாள் பருத்திக்கு எடுத்தால், தொட்டியில் தங்கிய மிகச் சிறு எச்சமே இலைகளை வெண்டை இலைபோல் விரல்விரலாகப் பிளந்து சுருக்கிவிடும். காற்றில் பறந்துவரும் துளியும் பக்கத்து வயல்காரரின் பருத்திக்கு அதையே செய்யும். தத்துவார்த்த சூத்திரத்தின் வரையறைப்படி இம்சை என்பது இதுதான். களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்துக்கொள்ளுமாறு வேளாண் துறையினர் சொல்வதும் இதற்காகவே.