எஞ்சி நிற்கும் வாயில்

முதுகுப்பையுடன் ஊர் சுற்றும் இளைஞர்கள் பழைய கோவாவில் ஒரு கல்வாயிலைக் காண்கின்றனர். அதன் பின்னே கட்டடம் ஏதும் இல்லை. ஏசு சபைத் துறவியர் நடத்திய புனித பவுல் கல்லூரியில் எஞ்சியது அவ்வளவே. மற்றவை 19-ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டன.

தமிழர் அங்கே சற்று நிற்கக் காரணம் உண்டு. 1556-இல் எத்தியோப்பியாவுக்கென்று கப்பலேறிய அச்சு இயந்திரம் வழியில் கோவாவிலேயே தங்கிவிட, இந்திய அச்சுக்கலை இக்கல்லூரியில் பிறந்தது. 1578-இல் அதே சபையின் என்றீக்கே பாதிரியார் தந்த ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறியது. 16 பக்கமே கொண்ட சிறுநூல்!

ஆனால் கல்லூரி நிறுவப்பட்ட 1541-இல் அதற்கு அளிக்கப்பட்டது, இடிக்கப்பட்ட கோயில்களின் நிலவருவாய். ஏசு சபையினர் பின்னரே வந்து பொறுப்பேற்றனர் என்பதும் உண்மை.

பயன் நல்லதாயின் வழியின் குற்றம் கழிந்துவிடுமா? செயலில் மட்டுமே உரிமை, பயனில் இல்லை என்கிறது கீதை. இதைச் செய்பவனுக்கான ஆறுதலாகவே பலரும் கொள்கின்றனர். அதற்கு ஒரு கடுமையான பக்கமும் உண்டு: யாரும் எண்ணியிராத பயனைக் காட்டிச் செய்த குற்றத்தை நேர்செய்ய இயலாது. அச்சு இயந்திரம் கோவாவில் நின்றது எவருடைய புண்ணியமும் அன்று. என்றீக்கே பாதிரியார் முத்துக்குளித்துறையில் பல்லாண்டுகள் தமிழ் பயின்ற உழைப்போ அவருடையதே. அதை மறுப்பதும் நேர்மையன்று.

1560-இல் கோர்ட்டாலிமிலிருந்து ஆற்றைக் கடத்திக் கொண்டுசெல்லப்பட்ட மங்கேசப் பெருமானுக்குப் போண்டா பகுதியில் இன்றும் பூசை நடக்கிறது. வாயிலைக் கண்டவர் அதே நாளில் அங்கும் சென்று வரலாம்.