ரப்பர் வளையம்

என்ஜினைப் பிரித்துக் கோக்கும்போது பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் கிடைக்கிற மரியாதை, ஆயில் கூலரின் ரப்பர் வளையத்துக்குக் கிடைப்பதில்லை. ஆயிலும் தண்ணீரும் மெல்லிய தகட்டின் இருபுறமும் ஓடுகிற இடம் அது. அங்கே அடைப்பு தளர்ந்தால், ரேடியேட்டரில் தண்ணீர் பால் விட்ட காபி நிறத்தில் கொழகொழவென்று நிற்கும்.

கசிவுக்குப் பயந்து சிலிக்கோன் பேஸ்ட்டை அள்ளி அப்புகிறவர்கள் உண்டு. வெளியே பிதுங்கியது கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்கியது ஆயில் வழியை அடைக்கும்வரை தெரியாது. பழைய பேக்கிங்கைக் கீறல் விழாமல் சுரண்டி, பிசுக்குப் போகத் துடைத்து, புது வளையத்தில் துளி ஆயில் தடவி, போல்ட்டுகளை மாற்றி மாற்றி அளவாக முறுக்க வேண்டும். அடைப்பதில் பாதி வேலை துடைப்பதுதான்.

தாமிரபரணிக்காரர்களுக்கு இது புதிதா என்ன? மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று 8 அணைக்கட்டுகளின் மதகுகளோடு பழகியவர்கள். ஷட்டருக்கு அடியில் ஒரு கூழாங்கல் சிக்கினால் போதும், இரவெல்லாம் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். மேலே நின்று திருகை எவ்வளவு முறுக்கினாலும் மூடாது. யாராவது இறங்கித்தான் எடுக்க வேண்டும்.