நரகத்துக்கு யாரை அனுப்புகிறோம்?

ஓசூரில் நின்று நரகம் என்று சொன்னால் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. தமிழில் நரகம், கன்னடத்தில் நரக, தெலுங்கில் நரகம். மூன்று மொழியும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் இது. உருது பேசுகிற வீட்டில் ஜஹன்னம் என்பார்கள். சொல் ஏறக்குறைய ஒன்றுதான், நம்பிக்கை ஒன்றல்ல. சிப்காட்டில் ஒரே ஷிஃப்டில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நிற்கும் நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். "இருக்கு, கருட புராணத்துல தெளிவா சொல்லியிருக்கே" என்பார் ஒருவர். "மறுமை நாள் உண்டு பாய், கணக்கும் உண்டு" என்பார் இன்னொருவர். "சும்மா பயமுறுத்தறதுக்குச் சொன்னதுங்க" என்பார் மூன்றாமவர். நாலாவது ஆள் சிரித்துக்கொண்டே, "நைட் ஷிஃப்ட்டுக்கு வாங்க, காட்டறேன்" என்பார்.

டீ குடிக்கிற நேரத்துக்கு இது நல்ல பேச்சு. ஆனால் இந்த எல்லையில் அந்தக் கேள்வியை டீயோடு முடித்துவிட முடியாதபடி ஒரு நாள் இருக்கிறது.

2023 அக்டோபர் 7, சனிக்கிழமை. ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டினால் வரும் அத்திப்பள்ளியில், லாரியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பட்டாசுக் கடை குடோனில் தீப்பிடித்தது. அன்றே 14 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் தமிழ்நாட்டுப் பையன்கள். தீபாவளி சீசனுக்குக் கைச்செலவுக்குக் கொஞ்சம் சம்பாதிக்கலாம் என்று வந்த மாணவர்களும் அதில் இருந்தார்கள். தருமபுரி மாவட்டத்தின் அம்மாபேட்டை என்ற ஒரே ஊரிலிருந்து போனவர்களே பலர். அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஜூலை 29 அன்று, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசு குடோன் வெடித்து 9 பேர் இறந்திருந்தார்கள்.

அந்த வருடம் தீபாவளி நவம்பர் 12. நரக சதுர்த்தசி என்பது அந்த நாளுக்கு இன்னொரு பெயர். அன்று விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் நரக பயம் இல்லை என்பது பழைய நம்பிக்கை. எமனுக்குத் தர்ப்பணம் செய்கிறவர்களும் உண்டு. நரகாசுரன் ஒழிந்ததைக் கொண்டாடத்தான் பட்டாசு. அந்தப் பட்டாசை இறக்கி அடுக்கப் போன பையன்கள் தீயில் போனார்கள்.

செய்தி வந்த அன்று நிறையப் பேர் வாயில் வந்த வாக்கியம் ஒன்றுதான்: "இதுக்குக் காரணமானவன் நரகத்துக்குத்தான் போவான்." இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஏனென்றால் அதில் நியாயமான ஒரு ஆசையும் இருக்கிறது, ஆபத்தான ஒரு வசதியும் இருக்கிறது.

முதலில் ஆசை. தண்டனை கிடைக்காத குற்றம் என்ன ஆகிறது? நரகம் இருக்கிறதா என்ற கேள்விக்கு அடியில் இருப்பது இந்தக் கேள்விதான். தென்னிந்தியக் கொடைக் கல்வெட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் தமிழிலும் கன்னடத்திலும் கல்வெட்டுகள் ஏராளம். ஏரிக்கோ கோயிலுக்கோ நிலம் கொடுத்த விவரம் முடிந்ததும் கடைசியில் சாபம் வரும். இந்தத் தர்மத்தைக் கெடுத்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்பது தமிழில் வழக்கமான வாசகம். அறுபதாயிரம் வருடம் மலத்தில் புழுவாகக் கிடப்பான் என்று சொல்லும் சமஸ்கிருத சுலோகமும் ஊர் ஊராகக் கல்லில் உண்டு. கொடுத்தவர் செத்து நூறு வருடம் கழித்து ஒருவன் நிலத்தை வளைத்துப் போட்டால் கேட்க யார் இருக்கிறார்கள்? ராஜா மாறியிருப்பான், அதிகாரி மாறியிருப்பான். ஆள் போய்ச் சேர முடியாத இடத்துக்கு நரகத்தை அனுப்பினார்கள். கல்லில் பதித்த போலீஸ் என்று சொல்லலாம்.

2005-இல் வந்த 'அந்நியன்' படத்துக்குத் தியேட்டரில் விழுந்த கைத்தட்டலும் இதே ஆசைதான். கும்பிபாகம், அந்தகூபம், கிருமிபோஜனம் என்று கருட புராணத்தின் தண்டனைகளை ஒருவன் சென்னையிலேயே நிறைவேற்றுகிறான். அதில் ஒருவர் மட்டமான பிரேக் கேபிள் செய்து விற்ற முதலாளி. வண்டி உதிரிபாகம் செய்து பிழைக்கும் ஊர்க்காரர்களுக்கு அந்தக் காட்சி கொஞ்சம் கூடுதலாகவே புரியும். மேலுலகம் வரை காத்திருக்கப் பொறுமை இல்லாத கூட்டத்துக்கு அது நரகத்தை ஹோம் டெலிவரி செய்தது.

ஆக, நரகத்தை நம்புகிறவரை முட்டாள் என்று ஒதுக்குவது எளிதல்ல. பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாவிடம் போய் "நரகம்னு ஒன்னும் இல்லைங்க" என்று சொல்கிறவர், அவள் கையிலிருக்கும் கடைசிக் கோர்ட்டையும் பூட்டிவிட்டு வருகிறார். பூட்டலாம், ஆனால் வேறு எங்கே போய் வழக்குப் போட வேண்டும் என்று அவர் சொல்லியாக வேண்டும்.

இல்லை என்று சொல்கிறவர்களின் கட்சியும் இந்த மண்ணில் புதிதல்ல. மணிமேகலையில் பூதவாதி வருகிறான். கண்ணுக்குத் தெரிவதைத் தவிர வேறெதையும் ஏற்காதவன். உன் அம்மா அப்பாவை நீ எப்படி அறிந்தாய், அதுவும் அனுமானம்தானே என்று மணிமேகலை அவனை மடக்குகிறாள். 1880-களில் சென்னையில் நாத்திகர்கள் 'தத்துவ விவேசினி' என்று தமிழில் பத்திரிகையே நடத்தினார்கள். பிறகு பெரியார். மோட்சமும் நரகமும் பயமுறுத்திப் பிழைக்கிறவர்களின் ஏற்பாடு என்பதை அவர் மேடை மேடையாகச் சொன்னார்.

அவர்கள் வாதத்தில் எனக்கு மிக வலுவாகப் படுவது ஆதாரம் பற்றிய பகுதி அல்ல, அளவு பற்றிய பகுதி. எழுபது வருட வாழ்க்கையில் ஒருவன் எவ்வளவு பெரிய தப்பு செய்தாலும் அதற்கு ஒரு எல்லை உண்டு. எல்லையில்லாத காலத்துக்கு எரிப்பது எந்தக் கணக்கில் நியாயம்? இதை நாத்திகர்கள் மட்டும் கேட்கவில்லை. மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ அறிஞர் ஆரிகன், கடைசியில் எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்ற நம்பிக்கையை முன்வைத்தார். பின்னால் திருச்சபை அந்தக் கருத்தைக் கண்டித்தது. பதினான்காம் நூற்றாண்டு இஸ்லாமிய அறிஞர் இப்னு கய்யிம், இறைவனின் கருணை பெரிதென்றால் நரக நெருப்பும் ஒருநாள் அணையாதா என்று விவாதித்தார். 2024 ஜனவரியில் போப் பிரான்சிஸ் ஒரு டிவி பேட்டியில், நரகம் காலியாக இருக்கும் என்று நினைக்க எனக்குப் பிடிக்கும் என்றார். சமணத்தில் ஏழு நரகங்கள், பாகவதத்தில் இருபத்தெட்டு, பௌத்தத்தில் இன்னும் பல. இந்த மூன்றிலும் நரகவாசம் எவ்வளவு நீண்டாலும் முடிவுள்ளது. அனுபவித்துவிட்டு வெளியே வரலாம். வள்ளுவர் நரகத்துக்குப் போட்ட சொல் அளறு. சேறு என்று அர்த்தம். தீ இல்லை, இன்னொருத்தர் தள்ளிவிடவும் வேண்டாம். தானே கால் வைத்துப் புதைவது.

இப்போது அந்த வாக்கியத்தில் இருக்கும் ஆபத்தான வசதிக்கு வருகிறேன். "அவன் நரகத்துக்குப் போவான்" என்று சொன்னதும் மனசு கொஞ்சம் ஆறிவிடுகிறது. வேலை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி. கேஸை மேலிடத்துக்கு மாற்றியாச்சு, இனி நமக்கென்ன. அடுத்த சீசனில் அதே நெடுஞ்சாலையில் அதே தள்ளுபடி போர்டைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டுகிறோம். அங்கே மூட்டை தூக்குகிற பையனுக்கு வயசு என்ன என்று கேட்பதில்லை. நரகம் எப்போதும் அடுத்தவர் முகவரியாகவே இருப்பதால் வரும் வசதி இது. இந்த நாட்டில் லைசென்ஸ் கேட்பவர், கொடுப்பவர், நேரில் பார்க்காமலே கையெழுத்துப் போடுபவர் என்று எல்லார் வீட்டிலும் சாமி படம் இருக்கிறது. நரக பயம் இருந்தும் பூட்டு தொங்குகிறது என்றால், அந்தப் பயம் தன்னைப் பற்றியதாக இல்லை என்றுதானே அர்த்தம்?

நம்பிக்கையாளர்களின் நல்ல கதைகளுக்கு இது தெரிந்திருக்கிறது. ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி 'வியாசர் விருந்து' என்று பாரதத்தை எழுதினார். அந்த பாரதத்தின் முடிவில் தர்மன் சொர்க்கம் போகிறான். அங்கே துரியோதனன் சுகமாக உட்கார்ந்திருக்கிறான். தம்பிகளும் திரௌபதியும் நரகத்தில் கேட்கிறார்கள். எதிரி தண்டனை அனுபவிப்பதைப் பார்க்க அவன் ஆசைப்படவில்லை. இவர்கள் இருக்கும் இடமே எனக்குச் சொர்க்கம், நான் இங்கேயே இருக்கிறேன் என்கிறான். ராமானுஜர் கதையும் அப்படித்தான். ரகசிய மந்திரத்தை ஊருக்குச் சொன்னால் நரகம் என்று குரு எச்சரித்தும், திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி எல்லாரும் கேட்கச் சொன்னார் என்பது வைணவ மரபு. இத்தனை பேர் கரையேற நான் ஒருத்தன் போனால் போகட்டும் என்பது அவர் கணக்கு. இரண்டு கதையிலும் நரகத்துக்குத் தயாராகிறவன் 'நான்'. 'அவன்' இல்லை.

நம்பாதவர்களுக்கும் ஒரு கடன் இருக்கிறது. மேலே கோர்ட் இல்லை என்றால் கீழே இருக்கும் கோர்ட் ஒழுங்காக நடந்தாக வேண்டும். அத்திப்பள்ளிக்குப் பிறகு விசாரணை வந்தது, அதிகாரிகள் சஸ்பெண்ட் ஆனார்கள், இரண்டு மாநில அரசுகளும் நிவாரணம் அறிவித்தன. அடுத்த தீவிபத்துச் செய்தி வந்ததும் பேச்சு அங்கே போய்விடுகிறது. நரகம் கட்டுக்கதை என்று சொல்லிவிட்டு வழக்கு எங்கே நிற்கிறது என்று விசாரிக்காத பகுத்தறிவு, நரகத்தை நம்பித் தூங்குவதைவிடப் பெரிய வித்தியாசமில்லை. தெய்வம் நின்று கொல்லாது என்று தெரிந்தவர்தான் அரசு அன்றே கேட்கிறதா என்று அதிகம் கவலைப்பட வேண்டும்.

மணிமேகலையிலேயே இன்னொரு இடம் உண்டு. கப்பல் உடைந்து நாகர் தீவில் ஒதுங்குகிறான் சாதுவன். கரையேறுகிற மனிதர்களைக் கொன்று தின்னும் கூட்டம் அது. நல்லது செய்தால் நல்லுலகம், கெட்டது செய்தால் நரகம் என்று அவன் சொல்ல, செத்தபின் உயிர் எங்கே போகும் என்று தலைவன் சிரிக்கிறான். சாதுவன் விளக்குகிறான். முழுக்க மாறு என்று கேட்கவில்லை. அவர்களால் எது முடியுமோ அதை மட்டும் கேட்கிறான்: கப்பல் உடைந்து வருகிறவர்களைக் கொல்லாதே, காப்பாற்று, தானாக மூப்படைந்து செத்த விலங்கைத் தவிர வேறு எதையும் கொல்லாதே. தலைவன் ஒத்துக்கொள்கிறான். நரகம் பற்றி நடந்த அந்த விவாதம் ஒரு பாதுகாப்பு விதியில் போய் முடிகிறது. அடுத்து அந்தக் கரையில் ஒதுங்குகிறவன் பிழைப்பான். செத்தபின் என்ன ஆகும் என்பதை அவர்கள் இருவரும் அதற்குமேல் பேசிக்கொள்ளத் தேவைப்படவில்லை.

நரகம் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டால், இல்லை என்ற பக்கம்தான் என் மனசு சாய்கிறது. ஆனால் இருக்கிறது என்று சொல்கிறவரோடு நான் சேர்ந்து செய்ய வேண்டிய வேலைக்கு அந்தப் பதில் தேவைப்படவில்லை. சீசன் வரும்போது இருவரும் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்விகள் சின்னவை. இந்தக் குடோனுக்கு ரெண்டாவது வாசல் இருக்கா? தீயணைப்பு சிலிண்டர் எங்கே? இந்தத் தம்பிக்குப் பதினெட்டு ஆச்சா?