சமமாகக் கொடுப்பது நீதியாகுமா?

அனைவருக்கும் ஒரே அளவாகக் கொடுப்பதே நீதி என்று எண்ணுவது மனித இயல்பு. விருந்துப் பந்தியில் ஒருவர் இலையில் இரண்டு வடையும் அடுத்தவர் இலையில் ஒன்றும் விழுந்தால், அந்த அடுத்தவரின் முகம் வாடத்தான் செய்கிறது. ஆனால் பொதுப் பணத்தை ஓர் அரசு பகிர்ந்தளிக்கும்போது இந்தப் பந்தி நீதி போதுமா? கனடா நாட்டின் கிழக்குக் கடற்கரை மாகாணங்களில் அண்மை ஆண்டுகளில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு இக்கேள்வியை ஆராய விழைகிறேன். வெயிலில் வாடும் நமக்கு அது தொலைதூரச் செய்திதான். எனினும் நம் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் அந்நாட்டில் குடியேறியிருப்பதால் முற்றிலும் அன்னியமான செய்தியன்று.

நோவா ஸ்கோஷியா, பிரின்ஸ் எட்வர்ட் தீவு, நியூஃபவுண்ட்லாந்து போன்ற இடங்களில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவது ஆடம்பரமன்று. இங்கே ஒரு நாள் அடுப்பு எரியாவிட்டால் பட்டினியோடு போயிற்று. அங்கே உலை அணைந்தால் குழாய்களில் நீர் உறைந்து குழாயே வெடித்துவிடும். நோயாளரும் முதியோரும் உயிருக்கே அஞ்ச வேண்டும். கனடாவின் மேற்குப் பகுதிகளில் இயற்கை எரிவாயு குழாய் வழியே வீட்டுக்கு வருகிறது. கிழக்குக் கடற்கரையில் அக்குழாய்கள் பெரும்பாலான ஊர்களை எட்டவில்லை. ஆகவே பல வீடுகளில் தொட்டி வைத்து, லாரியில் வரும் எண்ணெயை அதில் நிரப்பி, அதை உலையில் எரித்தே மக்கள் குளிர் காய்ந்து வந்தனர். 2022-இல் உக்ரைன் போரை ஒட்டி எண்ணெய் விலை ஏறியபோது தொட்டியை நிரப்புவதே பலருக்குப் பெருஞ்சுமையாயிற்று.

இதற்கு மாற்றாக முன்வைக்கப்படுவது ‘ஹீட் பம்ப்’ எனப்படும் வெப்ப எக்கி. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் தத்துவம் எளிதில் விளங்கும். உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுவது குளிர்சாதனப் பெட்டி. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை வீட்டுக்குள் தள்ளுவது வெப்ப எக்கி. உறைநிலைக்குக் கீழான காற்றிலும் வெப்பம் உண்டு. அக்காற்றைவிடக் குளிர்ந்த ஒரு திரவம் அவ்வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகிறது. அந்த ஆவியை அழுத்தும்போது அது சூடேறி வீட்டுக்குள் வெப்பத்தை விடுகிறது. வெப்பத்தை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், செலவிடும் மின்சாரம் ஒரு பங்கு எனில் கிடைக்கும் வெப்பம் இரண்டு மூன்று பங்காகிறது. பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தாம்சன் இக்கருத்தை 1852-ஆம் ஆண்டிலேயே முன்வைத்தார். கடுங்குளிரில் இதன் திறன் குறையும் என்பது மெய்யே. ஆயினும் அத்தகைய குளிருக்கென்றே அமைக்கப்பட்ட வகைகள் இன்று உண்டு. இடர் எல்லாம் விலையில்தான். பொருத்துகூலியும் சேர்ந்து பல ஆயிரம் டாலர் ஆகிறது.

2021 மே மாதத்தில் கனடா அரசு ஒரு மானியத் திட்டத்தைத் தொடங்கிற்று. வீட்டுச் சொந்தக்காரர் எவராயினும் ஆற்றலைச் சேமிக்கும் மாற்றங்களுக்கு 5,000 டாலர் வரை பெறலாம். செல்வர், வறியர் என்ற வேறுபாடு இல்லை. பார்வைக்கு எவ்வளவு நேர்மையான ஏற்பாடு! ஆனால் முதலில் ஓர் ஆய்வாளர் வந்து வீட்டை மதிப்பிட வேண்டும். பின்பு வீட்டுக்காரர் தம் கைப்பணத்தைக் கொடுத்துக் கருவியைப் பொருத்த வேண்டும். மீண்டும் ஆய்வாளர் வந்து பார்த்த பின்னரே மானியம் வந்து சேரும். சேமிப்பு உள்ளவருக்கு இது சில மாதக் காத்திருப்பு. சேமிப்பு இல்லாதவருக்கோ மூடிய கதவு. 2024-இன் தொடக்கத்தில் அத்திட்டம் புதிய விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்திவிட்டது.

அமெரிக்காவில் 2022-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று இதனினும் வியப்பானது. அதன் ஒரு பிரிவு வெப்ப எக்கி வாங்குவோருக்கு 2,000 டாலர் வரை வரிக்கழிவு அளித்தது. வரி செலுத்துமளவுக்கு வருமானமே இல்லாதவர் எதிலிருந்து கழிப்பார்? அச்சலுகை 2025 இறுதியோடு முடிந்தது. அதே சட்டத்தின் மற்றொரு பிரிவோ, தம் வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் 80 விழுக்காட்டுக்குக் கீழே பெறும் குடும்பங்களுக்கு, 8,000 டாலர் வரம்புக்குள், முழு விலையையும் வாங்கும்போதே கழித்துக்கொள்ள வழி செய்தது. ஒரே சட்டத்தின் ஒரு கை உள்ளவரையும் மறு கை இல்லாதவரையும் தேடிற்று!

குருமடத்தில் அறநெறியியல் பயின்ற நாளில் பகிர்வு நீதி என்ற தலைப்பு எங்களுக்கு வறண்ட பாடமாகவே தோன்றியது. அரிஸ்டாட்டில் வகுத்து, தோமா அக்குவினார் விரித்துரைத்த கருத்து அது. சமநிலையில் இல்லாதவர்களுக்குச் சமமாக அளிப்பதும் அநீதியாகலாம் என்பது அதன் சாரம். இருபத்தைந்து வயதில் அது ஒரு தேர்வு வினா. கனடாவின் ஐயாயிரம் டாலரைப் பற்றிப் படித்தபோதுதான் அதற்கு உயிர் வந்தது.

எண்ணெய் எரிக்கும் வீடுகளுக்கென 2022-இன் இறுதியில் அந்நாடு அறிவித்த இன்னொரு திட்டம் இக்குறையை உணர்ந்தே அமைக்கப்பட்டதாகத் தோன்றுகிறது. இடைநிலை வருமானமோ அதற்குக் குறைவோ பெறுவோருக்கே அந்த உதவி. பணமும் முன்னதாகவே தரப்படும். 10,000 டாலர் வரை இருந்த நடுவண் அரசின் பங்கு, மாகாண அரசும் சேர்ந்து நடத்தும் இடங்களில், 2023 அக்டோபரில் 15,000 டாலராக உயர்த்தப்பட்டது. பிரின்ஸ் எட்வர்ட் தீவு தன் பங்குக்கு 2021 முதல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வெப்ப எக்கியை விலையின்றியே பொருத்தித் தந்தது.

‘இலவசம்’ என்றதும் நம்மிடையே ஓர் ஏளனப் புன்னகை எழுகிறது. இங்கே அது பொருந்தாது என்பது என் கருத்து. அந்த ஏழை தானாகச் சென்று கருவி கேட்கவில்லை. எல்லாருக்கும் பொதுவான காற்று மாசுறாதிருக்க உன் உலையை மாற்றிக்கொள் என்று சமுதாயமே அவனிடம் கேட்கிறது. அவன் வீட்டை எண்ணெயை நம்பி நிற்க வைத்ததும் அவன் தனித்தெடுத்த முடிவன்று. எண்ணெய் மலிவாயிருந்த காலத்தில் ஊரே அவ்வாறு கட்டப்பட்டது. பொது நன்மைக்காக ஒருவரிடம் ஒரு மாற்றத்தைக் கோரும் சமுதாயம், அதன் செலவைத் தாங்க இயலாதவருக்காகத் தானே ஏற்பது பிச்சையாகாது. அது கடன்.

மேற்கிலிருந்து ஒரு மறுப்பு எழுந்தது. அதே 2023 அக்டோபரில், வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய் மீதான கார்பன் கட்டணத்தையும் நடுவண் அரசு மூன்று ஆண்டுகளுக்கு நிறுத்தி வைத்தது. எரிவாயுவால் சூடேற்றும் சஸ்காச்சுவன் மாகாணத்தார், எங்கள் குளிர் மட்டும் குளிர் இல்லையா என்று கேட்டனர். 2024 சனவரி முதல் வீட்டு எரிவாயு மீது அக்கட்டணத்தை வசூலிப்பதை அம்மாகாணம் நிறுத்தியும் விட்டது. (2025 ஏப்ரலில் நுகர்வோர் மீதான அக்கட்டணமே நாடெங்கும் நீக்கப்பட்டது.) அவர்களின் கேள்வியில் நியாயம் உண்டு. கட்டண விலக்கு எரிபொருளைப் பார்த்ததேயன்றி மனிதரைப் பார்க்கவில்லை; எண்ணெய் எரிக்கும் செல்வருக்கும் அது கிட்டியது, எரிவாயு எரிக்கும் ஏழைக்குக் கிட்டவில்லை. ஆனால் அந்த வாதம் விலக்கைத்தான் தாக்குகிறது. வருமானம் பார்த்து அளிக்கப்பட்ட மானியத்தைத் தாக்கவில்லை. அன்றைய அரசியல் கூச்சலில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிப் போயின.

என்னை அதிகம் உறுத்துவது வேறொரு சிறு விதி. எண்ணெயிலிருந்து மாறுவோருக்கான உதவி என்பதால், முந்தைய ஓராண்டில் குறிப்பிட்ட அளவு எண்ணெய் வாங்கியதற்குச் சான்று காட்ட வேண்டும். ஏமாற்றைத் தடுக்க இது தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் எண்ணெய் வாங்கவே வழியின்றி, ஓர் அறையை மட்டும் விறகால் சூடாக்கிக்கொண்டு குளிர்காலத்தைக் கழித்த மூதாட்டி எந்த ரசீதைக் காட்டுவார்? வறுமை மிகுந்த இடத்தில் சான்று குறைந்துவிடுகிறது. அலுவலகங்களை நடத்துவோர் இதை அறியாதவர்கள் அல்லர். ஆனால் விதியை எழுதும்போது அந்த மூதாட்டி அவர்கள் முன் அமர்ந்திருப்பதில்லை.

சொந்த வீடு உள்ளவர் எப்படி ஏழையாவார் என்று சிலர் கேட்கலாம். தந்தை கட்டிய வீட்டில், ஓய்வூதியத்தை மட்டும் நம்பி, கூரையைப் பழுதுபார்க்க முடியாமல் வாழ்வோர் எந்த நாட்டிலும் உண்டு. சுவரைத் தின்ன முடியாதல்லவா! எனினும் வீடே இல்லாத வாடகைக் குடியினர் இத்திட்டங்களில் பெரிதும் விடுபட்டனர் என்பது மெய். 2024-ஆம் ஆண்டின் நடுவண் வரவுசெலவுத் திட்டத்தில், ஐந்து ஆண்டுகளுக்கு 80 கோடி டாலர் ஒதுக்கி, வாடகையில் வாழும் குறைந்த வருமானத்தாரையும் சேர்க்கும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. அங்கும் ஒரு முடிச்சு இருக்கிறது. கருவி சுவரில் ஏறியபின் அது வீட்டுக்காரரின் சொத்து. வீட்டின் தரம் உயர்ந்துவிட்டதெனச் சொல்லி அவர் வாடகையை உயர்த்தினால், ஏழைக்கென எடுத்த பொதுப் பணம் யார் பையில் சேரும்? மானியத்தோடு வாடகைக்கும் ஒரு வரம்பு கட்டாத அரசு, அக்குடும்பம் அந்த வீட்டிலேயே அடுத்த குளிர்காலத்தையும் கழிக்கும் என்பதற்கு என்ன உறுதி தர இயலும்?