இழுக்கிற கை

துரியோதனன் சபையில் திரௌபதியின் சேலையை இழுக்கப் போகிற துச்சாதனன், இழுப்பதற்கு முன்னால் அவளுக்குக் கற்பூரம் காட்டி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறான். வியாசரிடம் இது இல்லை, வில்லிபுத்தூராரிடமும் இல்லை. எங்கள் பக்கத்துக் கூத்தில் இருக்கிறது. வரும் ஆடியில் பொத்தேரியில் ஒரு ராத்திரி நாட்டுப்புறப் பாட்டும் பறையாட்டமும் கூத்தும் வைக்கலாம் என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு வந்தது. அப்போது முதலில் வெட்டச் சொன்னதும் இந்த இடத்தைத்தான்.

சொன்னவர்கள் கூத்தை மதிக்காதவர்கள் அல்லர். காசு போட்டு, ஆள் தேடி, மைக் செட்டுக்கு அலைந்தவர்கள். அவர்கள் சொன்ன காரணங்களும் நியாயமானவையே. பார்த்துவைத்திருந்த ஹாலில் நெருப்பு கூடாது, புகை எழுந்தால் அலாரம் அடிக்கும். பொத்தேரி இன்று பழைய ஏரிக்கரை ஊர் இல்லை. ஸ்டேஷனில் இறங்குகிற கூட்டத்தில் ஆந்திரா, கேரளா, பீகார் என்று எங்கெங்கிருந்தோ படிக்க வந்த பிள்ளைகள்தான் பாதிக்கு மேல். எல்லா மதமும் உண்டு, மதமே வேண்டாம் என்பவர்களும் உண்டு. கலை நிகழ்ச்சி என்று அழைத்துவிட்டுக் கற்பூரத் தட்டை நீட்டலாமா? கடைசியாக ஒருவர் சொன்னார்: "அது கதையிலேயே இல்லை சார். நடிகர் வேஷத்தை விட்டு வெளியே வந்து செய்யற விஷயம். எடுத்துட்டா நாடகத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை."

மற்ற காரணங்களுக்கு வழி இருந்தது. இந்தக் கடைசிக் காரணத்துக்குத்தான் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

என் தாய்மாமா மதுராந்தகத்துக்கு மேற்கே ஒரு கூத்து ஜமாவில் பல வருஷம் துச்சாதன வேஷம் கட்டியவர். திரௌபதி அம்மன் கோயில்களில் பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கியார் கதை சொல்வார், ராத்திரி கூத்து, கடைசி நாள் காலையில் படுகளம், சாயங்காலம் தீமிதி. அதில் திரௌபதி துகில் நடக்கிற ராத்திரிக்குத் தனிக் கூட்டம். அன்றைக்கு மட்டும் மாமா மத்தியானத்துக்குமேல் சோறு தொடமாட்டார். அரிதாரம் பூசும்போதும் யாரிடமும் பேசமாட்டார். புஜக்கட்டை, கிரீடம், மார்புப் பதக்கம் எல்லாம் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்று பாடும்போது அவர் வேறு ஆள். திரை விலகியதும் களத்தையே நாலு சுற்று சுற்றி வருவார். சின்னப் பிள்ளைகள் அம்மா முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள்.

பின்னிரவில் அந்த இடம் வரும். கூந்தலைப் பிடித்து இழுத்து வந்தாயிற்று, கட்டியக்காரன் ஒதுங்கியாயிற்று. முகவீணை நிற்கும், மிருதங்கம் நிற்கும். மாமா சுற்றி ஆடியபடியே வந்து சட்டென்று நிற்பார். கோயில்காரர் ஒரு தட்டில் கற்பூரம் கொண்டுவந்து கொடுப்பார். வியர்வையில் அரிதாரம் கழுத்து வரைக்கும் ஒழுகியிருக்கும். அந்த முகத்தோடு, எதிரே சேலை கட்டி நிற்கிற மனிதருக்குக் கற்பூரம் காட்டித் தரையைத் தொட்டுக் கும்பிடுவார். பாட்டும் இல்லை, விருத்தமும் இல்லை. வீட்டில் பேசுகிற பேச்சிலேயே சொல்வார்: "தாயே, ஆட்டத்துக்காகச் செய்யறேன். இந்தக் குத்தத்தை என் குடும்பத்து மேல வச்சுடாதம்மா." அப்புறம் எழுந்து இழுப்பார். சேலைக்குமேல் சேலை வந்துகொண்டேயிருக்கும். கூட்டம் முழுக்க "கோவிந்தா, கோவிந்தா" என்று கத்தும்.

கல்லூரியில் படிக்கிற வயதில் அவரிடம் கேட்டேன்: "நடிப்புதானே மாமா, அதுக்கு எதுக்கு மன்னிப்பு?" சாம்பல் போட்டு வேஷச் சாமானைத் துலக்கிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் சொன்னார்: "வேஷம் துச்சாதனன் வேஷம். இழுக்கற கை என் கைதானே மாப்ள?"

இந்தக் கேள்விக்கு நான் படித்த எதிலும் நேரான பதில் கிடைக்கவில்லை. செயலைவிட எண்ணமே வினையைத் தீர்மானிக்கிறது என்று நம் தத்துவங்கள் பலவும் சொல்கின்றன. அந்தக் கணக்கில் மாமாவிடம் குற்றமே கிடையாது. அவர் யாரையும் அவமானப்படுத்த நினைக்கவில்லை; எதிரே நிற்பவர் அவருடைய சிநேகிதர், காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் ஊர் திரும்புவார்கள். ஆனால் மாமாவுக்குத் தெரிந்தது வேறு. கோபம் இல்லாமல் துச்சாதனனை ஆட முடியாது. அந்தக் கோபத்தைக் கதையிலிருந்து கடன் வாங்க முடியாது. தன் உடம்புக்குள்ளிருந்துதான் எடுத்தாக வேண்டும். ஒரு பெண்ணின் சேலையை நடுச்சபையில் உருவுகிற வெறி தனக்குள் எங்கோ கிடக்கிறது என்பதை ஒவ்வொரு வருஷமும் ஒரு ராத்திரி தொட்டுப் பார்க்கிறவர் அவர். மன்னிப்பு அதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

கூத்துக்காரர்கள் மட்டும் கண்டுபிடித்த விஷயமில்லை இது. 680-ஆம் ஆண்டு கர்பலாவில் இமாம் ஹுசைன் கொல்லப்பட்டதை ஈரானிய ஷியாக்கள் முஹர்ரத்தில் தஃசியே என்ற பெயரில் நடிப்பார்கள். ஹுசைனைக் கொல்கிற ஷிம்ர் வேஷக்காரர் வாளை ஓங்கும்போதே அழுவதுண்டு. தான் ஷிம்ர் இல்லை என்று தெரியும்படி நடிகர்கள் வசனத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே ஆடுவதும் அங்கே மரபு. மதுராந்தகத்துக்கும் அந்த ஊர்களுக்கும் எந்தப் போக்குவரத்தும் இருந்ததில்லை. ஆனாலும் புனிதமான ஒன்றின்மேல் கைவைக்கிற காட்சியை ஆட நேர்ந்தவர்கள் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

இங்கே அந்தக் கை படுவது வெறும் ராணி மேல் இல்லை. பொத்தேரியிலிருந்து மாமல்லபுரம் போகிறவர்கள் ஐந்து ரதங்களில் ஆகச் சிறியதான திரௌபதி ரதத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். உள்ளே இருப்பவள் கொற்றவை. அவள் காலடியில் மண்டியிட்ட ஒருவன் தன் தலையையே அரிந்து கொடுக்கப் போகிறான். பல்லவர் செதுக்கிய அந்தக் கோயிலுக்குத் திரௌபதி பெயர் பிற்காலத்து மக்கள் வைத்தது. சரித்திரக்காரர்கள் இதைத் தவறான பெயர் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தலை வாங்குகிற தெய்வமும் தலைவிரி கோலமாய் நிற்கிற திரௌபதியும் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஒருத்திதான். அவள் சேலையைத் தொடப் போகிறவன் பயப்படாமல் எப்படி இருப்பான்?

சரி, நம்பிக்கை இல்லாதவருக்கு? மாமாவின் ஜமாவில் மிருதங்கம் வாசித்தவர் கோயிலுக்குள் போகாதவர், விபூதி வைக்காதவர், கறுப்புச் சட்டைக்காரர். அந்த இடம் வந்ததும் அவரும் தோலிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்து நிற்பார். அவர் சாமிக்காக எழுந்திருக்கவில்லை. அவமானப்பட்ட ஒரு பெண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க அவருக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சபையை நினைத்துப் பாருங்கள். தன்னையே தோற்றுவிட்ட ஒருவன் என்னை வைத்து ஆட முடியுமா என்று திரௌபதி கேட்கிறாள். பீஷ்மர் தர்மம் நுட்பமானது என்கிறார். துரோணர் வாய் திறக்கவில்லை. விதுரனும் விகர்ணனும் பேசினார்கள். அவர்கள் பேச்சு எடுபடவில்லை. அத்தனை பெரியவர்களில் ஒருவர்கூட எழுந்துபோய் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கூத்தில் கேட்கிறான். அதுவும் யார்? கதையிலேயே ஆகக் கீழான செயலைச் செய்யப் போகிறவனாக வேஷம் கட்டியவன். பீஷ்மர் செய்யத் தவறியதை எங்கள் ஊர்க் கூலிக்காரர் ஒருவர் விடிவதற்குள் செய்து முடிக்கிறார். களத்தைச் சுற்றி உட்கார்ந்து பார்க்கிற நாமும் அந்தச் சபையில்தான் உட்கார்ந்திருக்கிறோம். அவர் கும்பிடும்போது நமக்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறார். இதை நாடகத்துக்கு வெளியே இருக்கிற விஷயம் என்று எப்படிச் சொல்வது? அதை எடுத்துவிட்டால் மேடையில் மிச்சமிருப்பது ஒரு பெண்ணின் சேலையை உருவுகிற காட்சி. நாம் டிக்கெட் வாங்கி அதை வேடிக்கை பார்த்தவர்களாவோம்.

இப்படிக் கும்பிட்டால் பலன் உண்டா என்றும் ஒரு தம்பி கேட்டார். அதற்குப் பதிலாகச் சிலப்பதிகாரத்தைத்தான் சொல்வேன். அதில் ஆய்ச்சியர் குரவை ஆடுகிறார்கள். குடத்துப் பால் உறையவில்லை, உறிவெண்ணெய் உருகவில்லை என்று தீநிமித்தம் கண்டு, கண்ணனாகவும் பலதேவனாகவும் நப்பின்னையாகவும் வேஷம் பூண்டு கைகோத்து ஆடினார்கள். கோவலன் பிழைக்கவில்லை. ஆனாலும் இளங்கோ அந்தக் குரவையை ஒரு காதை முழுக்க நிறுத்திச் சொல்கிறார். கெட்டது நடக்கப்போகிறது என்று தெரிந்தவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதே அவருக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது. எனக்கும் அது போதும்.

பழசை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கூத்து மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ந. முத்துசாமி 1977-இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிப் புரிசைக் கூத்தை நவீன நாடகக்காரர்களின் கண்ணில் காட்டினார். பெ. ராஜகோபால் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சை அரசன்தாங்கலில் நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில், ஆண்களே ஆடிவந்த கூத்தைப் பெண் பிள்ளைகளும் படித்து ஆடினார்கள். எனக்கு அது நிறைந்த சந்தோஷம். விடிய விடிய ஆடுவதை இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கலாம். மைக் வைக்கலாம், மேடை போடலாம், மொழி புரியாத மாணவர்களுக்குக் கதைச் சுருக்கம் அச்சடித்துக் கொடுக்கலாம். இதெல்லாம் செய்தும் கூத்து கூத்தாகத்தான் இருக்கும்.

சங்கத்தில் நான் இவ்வளவும் பேசவில்லை; பாதிதான் பேசினேன். ஹால் வேண்டாம், திடலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாகியிருக்கிறது. சாயங்காலம் பாட்டும் பறையும், ஒன்பது மணிக்குமேல் துகில். கற்பூரம் உண்டு. எழுந்து நிற்பதும் உட்கார்ந்திருப்பதும் அவரவர் விருப்பம். அந்த ஒரு நிமிஷம் மட்டும் செல்போனை மடியில் வைத்துவிடுங்கள் என்று மாணவர்களைக் கேட்டுக்கொள்ளப் போகிறோம்.

உங்கள் ஊரிலும் அடுக்ககத்திலும் கல்லூரியிலும் கூத்து வைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த இடத்தை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று கூத்து வாத்தியாரிடம் முதலில் கேளுங்கள். அவர் கூடாது என்கிற இடத்தை விட்டுவிடுங்கள். நேரத்தைச் சுருக்கினாலும் கூலியைச் சுருக்காதீர்கள். இரண்டு மணி நேர ஆட்டமானாலும் அரிதாரம் பூசிக் கட்டை கட்டுகிற நேரம் அதேதான். முழு ராத்திரிச் சம்பளத்தைக் கொடுத்து, வேஷம் கலைத்ததும் சுடச்சுடச் சாப்பாடு போட்டு அனுப்புங்கள்.