தானமும் ஒப்பந்தமும்

ஏழைக் குழந்தைகளுக்கு உணவளிக்கும் பணியை அரசிடமிருந்து ஒப்பந்தமாகப் பெற்று, நம் அறக்கட்டளைகளும் நடத்தலாகாதா என்னும் வினா நம்மவரிடையே எழுவது இயல்பே. நால்வகைத் தானங்களுள் ஆகார தானமும் ஒன்று எனப் போற்றும் மரபு நம்முடையது. போளூருக்கு அணித்தான திருமலையில், குந்தவை ஜினாலயத்திற்கு வணிகன் மனைவி சாமுண்டப்பை விளக்கெரிக்கக் காசு அளித்ததை இராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு இன்றும் கூறுகின்றது. அவ்வம்மை கொடுத்தது தன் காசு. நம் வினாவுக்கு விடை அங்கேயே தொடங்குகின்றது.

உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில், நலம் கருதித் தன் பொருளை விட்டுக்கொடுத்தலையே தானம் என வரையறுத்தார். கொடுக்கும் முறை, பொருள், கொடுப்போன், ஏற்போன் ஆகிய நான்கினால் அதன் சிறப்பு வேறுபடும் என்றும் உரைத்தார். ஒப்பந்தப் பணமோ மக்களின் வரிப்பணம். அதனைக் கொண்டு சமைத்துப் பரிமாறுவோர் கொடையாளர் அல்லர். கணக்குக் காட்டக் கடமைப்பட்ட பணியாளர்.

சென்னையில் இவ்வினா வெளிப்படையாகவே எழுந்தது. பெங்களூரில் 2000-ஆம் ஆண்டு இஸ்கான் இயக்கத்தார் தொடங்கிய அட்சய பாத்திரம் அறக்கட்டளை, மாநகராட்சிப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டி வழங்க முன்வந்தது. 2020-இல் அதன் சமையற்கூடத்திற்கு மாநகராட்சி நிலம் அளித்தது. ஆளுநரின் விருப்ப நிதியிலிருந்தும் பணம் சென்றது. வெங்காயமும் பூண்டும் இல்லாத உணவைக் குழந்தைகள் மீது சுமத்துவதா என்று பலர் கேட்டனர். கர்நாடகத்திலும் இதே வாதம் நிகழ்ந்தது. அக்கண்டனம் நம்மவர் சிலருக்குக் கசந்திருக்கும். கந்தமூலம் விலக்குவோர் நாமும் அன்றோ! ஆயினும் கேட்டவர் பக்கமே நியாயம் இருந்தது என்பது எம் கருத்து.

நமக்கு வெங்காயத்தினும் கடியது முட்டை. 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவில், 1989-இல் கலைஞர் ஆட்சி முட்டையைச் சேர்த்தது. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் தரப்படுகின்றது. நம் வீட்டுக் குழந்தையின் விரதத்தை அரசு மதித்து இடமளித்தது என்பதை நாம் மறத்தலாகாது. அவ்வாறிருக்க, நாம் கரண்டியைப் பிடிக்கும்போது முட்டை உண்ணும் குழந்தைக்கு என்ன இடம் அளிப்போம்?

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் வரை மலையேறிச் சென்றால், சாமை விளைவித்து வாழும் மலையாளிப் பழங்குடி மக்களைக் காண்கிறோம். கோழியும் முட்டையும் அவர்தம் இல்லங்களில் விலக்கப்பட்டவை அல்ல. அங்குள்ள அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளில் நாம் சமைக்க நேர்ந்தால், முட்டைக்கு ஈடாகப் பாலும் பருப்பும் கூட்டித் தரலாமே எனச் சிலர் கூறக்கூடும். சத்து ஈடாகலாம். ஆனால் அந்த மாற்றத்தைத் தீர்மானித்தவர் யார்? குழந்தையும் அன்று, அதன் பெற்றோரும் அன்று.

சரி, முட்டையை வேறொருவர் அவித்துத் தரட்டும் என்றால் அதற்கும் நம் அறம் இணங்காது. செய்தல், செய்வித்தல், உடன்படல் ஆகிய மூன்றையும் வினைக்கு வழியாகவே நாம் கொள்கிறோம். துணை ஒப்பந்தக்காரரின் கையால் அவித்தாலும் அது செய்வித்தலே. ஆகவே விரதத்தைக் காத்தால் குழந்தையின் தட்டு குறைகிறது. தட்டைக் காத்தால் விரதம் குலைகிறது. இவ்வொப்பந்தத்தை நாடாதிருப்பதே இரண்டையும் காக்கும் வழி. தமிழகத்தில் சத்துணவை அரசு தன் அமைப்பாளர், சமையலர், உதவியாளரைக் கொண்டே நடத்திவருவது நமக்கும் நன்றாயிற்று.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரின் குழந்தை வளர்ப்பு ஒப்பந்தம் பற்றிய வழக்கில், கத்தோலிக்கத் தொண்டமைப்பின் பக்கம் 2021-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஒருபாலினத் தம்பதியருக்குச் சான்றளிக்க அவ்வமைப்பு மறுத்திருந்தது. ஒப்பந்தத்திலேயே விதிவிலக்கு அளிக்கும் அதிகாரம் இருந்தமை அத்தீர்ப்புக்கு முக்கிய காரணம். சட்டம் இடங்கொடுத்தது, வாயிலில் நின்ற தம்பதியர் பற்றிய அறவினா தீர்ந்ததா?

மருந்து தானமும் சாஸ்திர தானமும் நம்முன் விரிந்து கிடக்கின்றன. மலையூர்களில் கண் மருத்துவ முகாம், நூலகம், மாணவர்க்கு உதவித்தொகை ஆகியவற்றை நம் பொருளாலேயே செய்யலாம். அன்னதானமும் நம் பொருளால், நம் முறைப்படி, விரும்பி வருவோர்க்கு என்றும் உண்டு.