சாதியின் வேர் எங்கே?



தறியில் இழை அறுந்தால் துணியை நொந்து பயனில்லை; அறுந்த இடத்தைத் தேட வேண்டும். சமூக நோய்க்கும் அதுவே முறை. பகவான் புத்தர் துக்கத்தைக் கூறியதோடு நில்லாது, அதன் காரணத்தையும் காட்டியருளினார்.

சாதியின் காரணத்தைத் தேடியவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1916 மே மாதம், தமது 25 ஆம் வயதில், நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அதுபற்றி ஆராய்ச்சிக் கட்டுரை படித்தார். சாதிக்குள்ளேயே மணம் என்னும் வேலிதான் சாதியின் உயிர் என்றார். உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் மூன்றும் அவ்வேலியைக் காக்க எழுந்தவை. மேலோரைப் பார்த்து ஏனையோரும் பின்பற்றினர். வழக்கத்தை மீறியவரைச் சாதி விலக்கியது என்று விளக்கினார்.

இக்கருத்துடன் மணிமேகலையைப் படியுங்கள். வேள்விப் பசுவை விடுவித்த ஆபுத்திரனை அந்தணர் அடித்தனர். அவன் பிறப்பை இழித்தனர். வளர்த்த தந்தையும் துரத்தினார். பிச்சைப் பாத்திரத்திலோ கல் விழுந்தது. விலக்குதலே சாதியின் ஆயுதம் என்பதைச் சாத்தனார் கதையாகவே காட்டிவிட்டார். அவ்வாறு விலக்கப்பட்டவனே மதுரையில் குருடர்க்கும் முடவர்க்கும் சோறிட்டான்.

இனி நம் இல்லத்தைப் பார்ப்போம். 2011–12 இல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின்படி, சாதி கடந்த மணங்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 5 மட்டுமே. தீட்சை பெற்ற நாமும் பெண் கேட்கும்போது உட்பிரிவை வினவினால், 22 உறுதிமொழிகளும் வாயளவிலன்றோ நிற்கும்? ஆகவே, மணப்பேச்சில் அக்கேள்வியை நாம் எழுப்பாதிருப்போமாக. பிறர் எழுப்பினும் விடை கூறாதிருப்போமாக.

நமோ புத்தாய!